நாற்பத்தொரு பொட்டு

எங்கள் ஊர் கரட்டூத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் யாரும் ஆட்டுக்கல்லை நகர்த்த மாட்டார்கள். பீரோவை மாற்றிப் போடுவது, நெல் மூட்டையைப் பரணில் ஏற்றுவது, சீதனமாக வந்த இரும்புக் கட்டிலை மாடிக்குக் கொண்டுபோவது எல்லாம் நாலு மணிக்குத்தான். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வரும் பெண்கள்கூட முதல் வாரம் திருதிருவென்று விழித்துவிட்டு, இரண்டாவது வாரத்திலிருந்து, "இருங்க அத்தை, தவசி அண்ணன் கார் வரட்டும்" என்று அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாலு மணி என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். சில நாள் நாலேகால் ஆகும், சில நாள் ஐந்தைத் தொட்டுவிடும். அது ஏன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் இந்தக் கதை. பாரம் ஏன் குறைகிறது என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் பதில் கிடையாது, நாங்களே அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் ஊருக்கு மேற்கே மலை, மலையில் ஏலத்தோட்டம், தோட்டத்துக்கும் மேலே மேல்முக்கு என்கிற குடியிருப்பு. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் மேல்முக்கு. எஸ்டேட் ஜீப்புகள் எஸ்டேட் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு மற்றவர்கள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போகும் என்பதால், மற்ற எல்லோருக்கும் தவசியின் அம்பாசிடர் ஒன்றுதான் கதி. ஆர்.சி. புத்தகத்தில் அதன் நிறம் வெள்ளை என்று இருக்கிறது; நேரில் பார்த்தால் நாள்பட்ட மோரின் நிறம். நாலாவது வளைவில் அதற்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும், ஒன்பதாவது வளைவில் நின்றுவிடும், நோயாளியானாலும் மாப்பிள்ளையானாலும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். கார்ப்ரேட்டருக்குள்ளே தண்டு தேய்ந்துபோய் வேண்டாத காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது, இனி இதைச் சரிபண்ண முடியாது, வேறுதான் போட வேண்டும் என்று மெக்கானிக் சென்றாயன் சொன்னான்.

சென்றாயனுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. எஞ்சினுக்குள் பொறி விழுகிற நேரத்தை, அதாவது டைமிங்கை, சரியாக வைத்துவிட்டால் அந்த இடத்தை மறக்காமலிருக்க மற்ற மெக்கானிக்குகள் உளியை வைத்து இரும்பில் ஒரு தட்டு தட்டிப் புள்ளி குத்திக்கொள்வார்கள். சென்றாயன் குத்த மாட்டான். "அதை ஏன் காயம் பண்ணணும்" என்பான். கிரீஸில் குங்குமத்தைக் குழைத்து, பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் விளிம்பில் ஒரு பொட்டும் அதற்கு நேராக எஞ்சினில் ஒரு பொட்டும் வைத்துவிடுவான். இரண்டாவது பிடிவாதம், எந்த மீட்டரையும் நம்ப மாட்டான். எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, அதன் தலைமேல் ஒரு சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீரை வைப்பான். தண்ணீரில் சுருக்கம் விழாமல் நின்றால் டியூனிங் முடிந்தது என்று அர்த்தம்.

மதுரையில் பழைய இரும்புக்கடையில் தேடி ஒரு கார்ப்ரேட்டரைக் கொண்டுவந்தான். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "ஓடுன வண்டியோடதுதாம்ப்பா" என்று சொல்லி தினசரித் தாளில் சுற்றிக் கொடுத்தாராம். அதைப் பெட்ரோலில் ஊறவைத்து, ஜெட்டுகளை வாயால் ஊதி, அட்டையைச் சுத்தியலால் தட்டித் தட்டி கேஸ்கட் வெட்டி, தவசியின் வாசலிலேயே வண்டியை நிறுத்தி மாட்டினான். காற்றை அளந்துவிடுகிற ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்தான். ஆக்சா பிளேடை நுழைத்து பிளக் இடைவெளி பார்த்தான். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைத் தளர்த்திக்கொண்டு, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிறவனைப்போல முன்னாலும் பின்னாலும் திருப்பிக்கொண்டேயிருந்தான். முன்னால் திருப்பினால் எஞ்சின் கொக்கரித்தது, பின்னால் திருப்பினால் சோம்பல் முறித்தது, அதற்கும் ஒரு மயிரிழை பின்னால் போனபோது, அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு ஓட்டம் ஓடியது. டம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்தத் தண்ணீர் டம்ளரை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி, எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டு, அங்கேயே இருந்தது.

"ரிச்சாயிருச்சு" என்றான் சென்றாயன். பெட்ரோல் கூடிப்போச்சு என்று அர்த்தம், அவ்வளவுதான் சொன்னான். ஏர் ஸ்க்ரூவை இன்னும் கால் சுற்றுத் திறந்தான். தண்ணீர் இறங்குவதாக இல்லை, டம்ளரும் கூடவே எழும்பிக்கொண்டது. ஸ்பானர்கள் தார்ப்பாயைவிட்டு எழும்பின, வாசலில் கிடந்த செருப்புகள் எழும்பின, பக்கத்து வீட்டுப் பெருமாயியின் அடைகோழி முட்டைகளோடு எழும்பி, இதிலென்ன இருக்கிறது என்பதுபோல அப்படியே அடைகாத்தது. கார் மட்டும் தரையில் நின்றது. டிரைவர் சீட்டில் இருந்த தவசியை ஸ்பிரிங்குகள் மெல்ல விட்டுவிட, அவன் தலை மேற்கூரையில் முட்டியது.

அப்போதுதான் ராமுத்தாய் வாசலுக்கு வந்தாள். தவசியின் அக்கா, வயது நாற்பத்தெட்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் ஜீப் பன்னிரண்டாவது வளைவில் சரிந்தபோது இடுப்பு முறிந்து, அன்றிலிருந்து தரையில் கைகளை ஊன்றி உட்கார்ந்தபடியேதான் நகர்வாள். அந்த ஜீப்பை ஓட்டியது, அப்போது எஸ்டேட் டிரைவராக இருந்த தவசி. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, அதனாலேயே அவன் கல்யாணம் செய்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டு கிடந்தான். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், தன் உடம்புக்குக் கீழே தன் கால் வந்து நிற்பதைக் கண்டு, பயப்படுவதற்குக்கூட நேரமில்லாமல் நிலைப்படியைத் தாண்டி, மூன்று படி இறங்கி, பாதம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் தெருவில் வந்து நின்றாள்.

"தவசி, வண்டிய அணைச்சுராத" என்றாள்.

தவசி ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், எங்களுக்கும் அழுகை வந்தது, கண்ணீர் கீழே விழாமல் மூக்குக்கு நேரே நின்று தொலைத்ததில் சிலருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

அந்த ஓட்டத்தில் வண்டி மலையேறாது என்பது மறுநாளே தெரிந்துபோனது. இரண்டாவது வளைவிலேயே சூடேறி நின்றுவிட்டது. மலையேறுவதற்கு டைமிங் முன்னால் இருக்க வேண்டும், பாரம் குறைவதற்கு ஒரு மயிரிழை பின்னால் இருக்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் எந்த எஞ்சினிடமும் கேட்க முடியாது என்று சென்றாயன் சொன்னான். ஆகவே மலைக்கு ஒரு சந்தனப் பொட்டு, அக்காவுக்கு ஒரு குங்குமப் பொட்டு என்று இரண்டு வைத்தான். தினம் இரண்டு தடவை ஸ்பானரைத் தேடாமலிருக்க, கையாலேயே திருகுகிற மாதிரி இரண்டு காது வைத்த நட்டு ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். காலை ஏழு மணிக்குத் தவசி டிஸ்ட்ரிபியூட்டரைச் சந்தனத்துக்குத் திருப்பிக்கொண்டு மலையேறுவான், சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் நிறுத்திக் குங்குமத்துக்குத் திருப்புவான், விளக்கு வைக்கிறவரை வண்டி ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஊர் அதற்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. சத்தம் எதுவரை கேட்கிறதோ அதுவரை பாரம் குறைந்தது. கிழக்கே அடிபம்பு, மேற்கே மூன்றாவது கரண்டுக் கம்பம், அவ்வளவுதான் எல்லை. அதற்குள்ளே சின்னச் சாமான்களெல்லாம் ஒரு சாண் எழும்பும், பெரிய சாமான்கள் விரலால் தள்ளினால் நகரும், மனுஷர்கள் நடந்தால் கால் மண்ணைக் கேட்டுக் கேட்டு வைப்பதுபோல இருக்கும். கொடியில் காயப்போட்ட சேலைகள் வானத்தைப் பார்த்துத் தொங்கின. எல்லைக்கு அப்பால் குடியிருந்தவர்கள் சண்டைக்கு வந்ததால், செவ்வாய்க்கிழமைகளில் காரை மேலத்தெரு முக்கில் நிறுத்துவது, மற்ற நாட்களில் தவசியின் வாசலில் நிறுத்துவது என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் ராமுத்தாயைத் தவசி தூக்கிக்கொண்டுபோய் மேலத்தெருவில் இறக்கிவிடுவான். மூட்டுவலிக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து காரைச் சுற்றிப் படுப்பார்கள், படுத்த நிமிஷத்தில் தூங்கியும்விடுவார்கள். எழுந்து கேட்டால் எல்லோரும் ஒரே கனவைத்தான் சொன்னார்கள், மலைப்பாதையில் வளைவே இல்லாமல் நேராக ஏறிப் போனார்களாம்.

டீக்கடை வீரணன் ஒருவருக்கு மட்டும் பாரம் குறையவில்லை. கல்குவாரியில் வெடிச்சத்தத்துக்குக் காதைப் பறிகொடுத்தவர் அவர், எஞ்சின் ஓடுவதே அவருக்குத் தெரியாது. ஆகவே நாலு மணிக்கு நெட்டுக்குத்தாக மண்ணில் நிற்கிற ஒரே ஆள் அவராகிவிட, கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையின் அரைஞாண் கயிற்றை அவர் கடைத்தூணில் முடிந்துவைத்தார்கள், காற்றடிக்கிற நாட்களில் பெரிய மனுஷர்களே அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நாட்டுநடப்புப் பேசினார்கள். அவர் கிளாசை விட்டு எழும்புகிற டீயைக் கிளாசாலேயே லாவகமாகப் பிடித்துக் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

"காது கேட்டாத்தான் பாரம் குறையும்னா, ஆட்டுக்கல்லுக்குக் காது எங்க இருக்கு?" என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் கேட்டார்.

"முப்பது வருஷமா எங்க வீட்டுச் சண்டைய பூராவும் கேட்டுக்கிட்டுக் கிடக்கு சார், அதுக்கா காது இல்லைங்குறீக?" என்றாள் பெருமாயி.

ஏலக்காய் வாங்குகிற புரோக்கர் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. அவருடைய கரண்டுத் தராசு நாலு மணிக்கு மேல் ஒரு மூட்டைக்கு முக்கால் கிலோ காட்டியது, அதில் நிறுத்துப் போட யாரும் சம்மதிக்கவில்லை. அவர் மனுப் போட்டு, வண்டிகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். வீரணனின் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே புகையைச் சோதித்தார், ஹாரனையும் லைட்டையும் பார்த்தார், புகை அளவாக இருக்கிறது, வண்டி தரையில்தான் நிற்கிறது, தரையில் நிற்கிற வண்டிமேல் தான் எழுத எதுவுமில்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டு, போக மனமில்லாமல் ஆறு மணிவரை இருந்துவிட்டுப் போனார். புரோக்கர் பரணிலிருந்து பழைய தட்டுத் தராசை இறக்கினார். ஏலக்காயும் எடைக்கல்லும் சேர்ந்தே பாரம் குறைந்ததால் அது நாலு மணிக்கும் நியாயமாகத்தான் நிறுத்தது.

ராமுத்தாய் அந்த இரண்டரை மணி நேரத்தை என்ன செய்தாள் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதல் நாள் தன் வீட்டு மேல் அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பதினோரு வருஷமாக அதை அவள் பார்த்ததில்லை. அடுத்த நாள் அடிபம்பில் தானே தண்ணீர் அடித்தாள். அதன்பிறகு தினமும் வீரணன் கடைக்குப் போய் நின்றுகொண்டே ஒரு டீ குடித்தாள். எங்கள் ஊரில் பெண்கள் டீக்கடையில் நின்று டீ குடிக்கிற வழக்கமில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. "உக்காந்து உக்காந்து எனக்கு அலுத்துப்போச்சு வீரணா" என்பாள். வீரணன் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரிப்பார்.

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும், ஆயுதபூஜை வந்தது. அதற்கு முந்தின நாளே சென்றாயன் தன் ஷெட்டைக் கழுவிவிட்டுப் பொண்டாட்டி ஊருக்குப் போயிருந்தான். பூஜைக்குக் காரைக் கழுவுவது எப்போதும் தவசியின் வேலை. "இந்த வருசம் எஞ்சின நான் துடைக்கிறேன், நீ தள்ளு" என்று ராமுத்தாய் சொன்னாள். பூஜை முடிகிறவரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்பதால், தவசி அவளைத் தூக்கி பானெட்டுக்கு முன்னால் உயரமான முக்காலியில் உட்காரவைத்தான். அவள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, ஒவ்வொரு நட்டாக, ஒவ்வொரு குழாயாக, பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரித் துடைத்தாள். தனக்குக் காலைக் கொடுத்த எஞ்சினில் ஒரு பொட்டு அழுக்குக்கூட இருக்கக் கூடாது என்று நினைத்தாள். கிரீஸில் குழைத்து வைத்திருந்த பழைய பொட்டுகள் கறுத்துப்போய் அசிங்கமாகத் தெரிந்தன, அவற்றையும் துடைத்தாள். காது வைத்த அந்த நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது. அவள் அழுத்தித் துடைத்ததில் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியதோ அவளுக்குத் தெரியாது, ஆடுகிறதே என்று நட்டை இறுக்கியும் வைத்தாள். பிறகு சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, அவ்வளவு ஆசையோடு பொட்டுகள் வைத்தாள். எண்ணி நாற்பத்தொன்று. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி மட்டும் ஒன்பது.

பூசணிக்காய் உடைத்தார்கள். சக்கரம் நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கியது. முந்தின சாயங்காலம் குங்குமத்துக்குத் திருப்பியது அப்படியே இருக்கிறது என்று நினைத்து, தவசி வண்டியை வாசலில் நிறுத்தி ஸ்லோவில் விட்டான். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, எந்த மெக்கானிக்கும் குறை சொல்ல முடியாது. நசுங்கிய எலுமிச்சம்பழம் தரையிலேயே கிடந்தது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தயாராக இருந்த ராமுத்தாய், முட்டியை நிமிர்த்தினாள், கால் மடங்கிக் கீழே விழுந்தாள். பூசணிக்காய்ச் சதையில் அவள் சேலை நனைந்தது.

மறுநாள் சென்றாயன் வந்து பானெட்டைத் திறந்தான். நாற்பத்தொரு பொட்டையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மலைக்கு வேண்டிய இடத்தை அவனால் காதாலேயே கண்டுபிடிக்க முடிந்தது, அது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். மற்றது அகப்படவில்லை. ஒன்பது பொட்டிலும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தான், பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவில் நிறுத்திப் பார்த்தான், ஏர் ஸ்க்ரூவைத் திறந்தும் மூடியும் பார்த்தான், டம்ளரில் தண்ணீர் சுருக்கமில்லாமல் நின்றது, எழும்பவில்லை. தவசி சவாரியை நிறுத்திவிட்டான். மலையில் எங்காவது வண்டிக்கு ஒன்று ஆகி, இருக்கிறதும் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பயந்தான். காலையிலிருந்து இருட்டுகிறவரை இரண்டு பேரும் அந்த எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஊருக்கும் தாங்கவில்லை. குடங்கள் இவ்வளவு கனமாக எப்போதும் இருந்ததில்லை என்று பெண்கள் சொன்னார்கள். படுத்தால் தூக்கம் வரவில்லை. வீரணன் தன் வேட்டி நுனியை யாரும் பிடிக்காததால் கடையில் சும்மா நின்றுகொண்டு, "என்ன எல்லாரும் கீழ எறங்கிட்டீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எங்களில் ஒருத்தன், பேரைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தெருவில் நின்று சத்தமாகவே சொன்னான்: "யாரு அவள தொடைக்கச் சொன்னது?" கதவுக்குப் பின்னால் ராமுத்தாய்க்கு அது கேட்டது. அன்றிலிருந்து அவள் வாசலுக்கே வரவில்லை. தவசி வைத்த சோறு அப்படியே காய்ந்தது.

மேல்முக்குக்குத் தடுப்பூசி போடப் போகிற நர்ஸ் ஜெபமணி, ஒன்றுவிட்டு ஒரு புதன்கிழமை தவசியின் காரில்தான் போவார். பூஜைக்கு அடுத்த புதன்கிழமை வந்தபோது தவசி முடியாது என்று சொல்லிவிட்டான். இரண்டு வாரம் கழித்து அவர் காலை ஒன்பது மணிக்கே தோளில் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார்.

"தவசி, பதினாலு பிள்ளைங்க காத்திருக்கு. போன தடவயே போகல. இந்த ஐஸ் மதியம் வரைக்கும்தான் தாங்கும்."

"இன்னைக்குக் கிடைச்சிரும் நர்சம்மா, இன்னும் ஒரு நாள் பொறுங்க."

"மருந்து பொறுக்காதுப்பா."

"மலைக்குத் திருப்பிட்டா இவ்வளவு தேடுனதும் போச்சு. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்று சென்றாயன் எஞ்சினுக்குள்ளிருந்தே சொன்னான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

கதவு திறந்தது. ராமுத்தாய் கைகளை ஊன்றி, நிலைப்படி தாண்டி, மூன்று படியையும் உட்கார்ந்தே இறங்கி, தெரு மண்ணில் நகர்ந்து காருக்கு முன்னால் வந்தாள். இருபது நாளில் பாதியாக இளைத்திருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தூக்கி உக்கார வை" என்றாள் தம்பியிடம். அதே முக்காலியில் அவன் உட்காரவைத்தான். "இன்னும் கொஞ்சம் பள்ளமா. என் காலு மண்ணுல படணும்."

முக்காலியை எடுத்துவிட்டு வீரணன் கடை ஸ்டூலைப் போட்டார்கள். அவள் பாதம் இரண்டும் மண்ணில் படிந்தன.

"சென்றாயா, நீ காதால தேடுற. எனக்கு அது குதிகால்லதான் தெரியும். அது வர்றதுக்கு முன்னாடி குதிகால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். நீ ஆக்சிலேட்டரப் பாத்துக்க, அத எங்கிட்டக் குடு."

சென்றாயன் நட்டைத் தளர்த்திவிட்டு விலகினான். அவன் தன் ஆயுசில் ஒருத்தர் கையிலும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொடுத்ததில்லை. ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு, அரிசி களைகிற மாதிரி மெதுவாக, முன்னாலும் பின்னாலும், முன்னாலும் பின்னாலும் திருப்பினாள். எஞ்சின் கொக்கரித்தது, சோம்பல் முறித்தது, இருமியது, அணையப் போனது, சென்றாயன் பிடித்து நிறுத்தினான். நர்ஸ் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. அவளுடைய வலது குதிகால் மண்ணைவிட்டு ஒரு நூல் எழும்பியதை முதலில் பார்த்தவர், எஞ்சின் சத்தமே கேட்காத வீரணன்தான். "ஏய், ஏய்!" என்று கத்தினார். அவள் இன்னும் ஒரு மயிரிழை திருப்பினாள். தெருவோரத்தில் காய்ந்துகிடந்த பூசணிக்காய் ஓடுகளெல்லாம் எழும்பின. நர்சின் தோளிலிருந்து ஐஸ் பெட்டி எழும்பியது. பெருமாயியின் கோழிகள் எழும்பின. ராமுத்தாய் எழுந்து நின்றாள்.

அன்று போட்ட கூச்சலை நாங்கள் திருவிழாவில்கூடப் போட்டதில்லை. தெருவில் நின்று அன்றைக்கு அப்படிச் சொன்னவன் அவள் காலில் விழப் பார்த்தான், விழ முடியாமல் அந்தரத்தில் நின்றான்.

சென்றாயன் தன் பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தான். "போதும்க்கா. பொட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். காயம் பண்ணிப்புடுறேன். இனி யாரு தொடைச்சாலும் அழியாது" என்று உளியை டிஸ்ட்ரிபியூட்டரின் விளிம்பில் வைத்தான்.

ராமுத்தாய் உளியின்மேல் தன் கையை வைத்தாள். "வேணாம். என் கையி மேல அடிச்சிறாத, எடு" என்றாள். "நீ குத்திவச்சா எல்லாரும் திருப்பலாம். தேடுறது எனக்கு மறந்துபோகும். நான் இருக்கேன்ல, நான் தேடிக்கிறேன்."

பிறகு வீரணன் கடைக்கு நடந்துபோனாள். பாதம் மண்ணைத் தொட்டும் தொடாமலும், அவசரமே இல்லாமல் போனாள். வீரணன் காற்றில் எழும்பிய டீயை கிளாசில் பிடித்துக் கொடுத்தார். நின்றுகொண்டே குடித்தாள். பாதி குடித்ததும் நர்சின் பெட்டியைப் பார்த்தாள். பெட்டியின் மூலையிலிருந்து கசிந்த தண்ணீர் சொட்டாமல் மணிமணியாக அதைச் சுற்றி நின்றது. மிச்ச டீயை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"அந்த ஸ்டூல எடுத்துப் போடு தவசி" என்றாள்.

"அக்கா, இப்ப வேணாங்க்கா. திருப்பிட்டா மறுபடி கிடைக்குமோ என்னமோ. நான் பஸ் ஸ்டாண்டுல போய் வேற வண்டி கேட்டு..."

"வேற வண்டி ஏறாதுடா. உனக்குத் தெரியாதா."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா தேடுவோம். நான் எங்க ஓடிரப் போறேன்" என்று சொல்லி அவளே சிரித்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் தன் காலைப்பற்றிக் கேலி பேசியதை அன்றுதான் கேட்டோம். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னைக்கு ஜீப்பு சரிஞ்சதையே நெனச்சுப் பயந்து பயந்து ஓட்டாம, நல்லா ஓட்டிட்டுப் போ. பிள்ளைங்க காத்திருக்கு."

அவள் முதலில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். அதன்பிறகு, தன் கையாலேயே டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து, மலைக்குத் திருப்பினாள். எஞ்சினின் சத்தம் கெட்டிப்பட்டது. எழும்பி நின்றதெல்லாம் தெருவெங்கும் பொத்துப் பொத்தென்று இறங்கியது. எங்கள் பாரமும் எங்கள்மேல் வந்து உட்கார்ந்தது. தவசி பதினெட்டு வளைவையும் நிற்காமல் ஏறினான் என்றும், பெட்டியைத் திறந்தபோது சின்ன விரல் அளவுக்கு ஐஸ் மிச்சமிருந்தது என்றும் ஜெபமணி பிறகு சொன்னார்.

அன்று நாலு மணிக்கு வண்டி திரும்பி வந்தது. அன்றைக்குக் கிடைக்க ஆறு மணி ஆயிற்று, மறுநாள் ஐந்தேமுக்கால். இப்போதெல்லாம் கைபழகிவிட்டது, ஆனாலும் வெயிலுக்கும் மழைக்கும் பெட்ரோலுக்கும் தகுந்தபடி அது கொஞ்சம் இடம் மாறிக்கொள்கிறதாம், ஒவ்வொரு நாளும் புதிதாகத்தான் தேட வேண்டியிருக்கிறது. நாங்கள் ஆட்டுக்கல்லின் பக்கத்திலும் பீரோவின் பக்கத்திலும் காத்துக்கொண்டு நிற்போம். சீக்கிரம் என்று யாரும் சொல்வதில்லை. ராமுத்தாய் கண்ணை மூடி ஸ்டூலில் உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருப்பாள், ஊர் பூராவும் அவள் வலது குதிகாலையே பார்த்துக்கொண்டிருக்கும். அது மண்ணைவிட்டு ஒரு நூல் எழும்பியதும், நாங்கள் ஆட்டுக்கல்லில் கை வைப்போம்.